பரிசும் பார்வையும்

நுழையும்முன்

பள்ளி விழாக்களில் மேடையேறிப் பரிசு பெறுவோர் சிலர். கீழே அமர்ந்து கைதட்டுவோர் பலர். போட்டிகளும் விருதுகளும் திறமையை வெளிக்கொணர்கின்றன என்பது பொதுக்கருத்து. அக்கருத்து எந்த அளவிற்கு உண்மை? ஒரு பரிசுக்கு மதிப்பைத் தருவது எது? மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் வழங்கப்படும் விருதுகள் எவ்வாறு அமைய வேண்டும்? சங்கப் புலவரின் சொல்லிலிருந்து தற்காலக் கல்வி முறைவரை சில சான்றுகளைக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

கல்வியாண்டு தொடங்கியதும் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கைகள் வரத் தொடங்குகின்றன. பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, வினாடி வினா, ஓவியம், அறிவியல் கண்காட்சி, விளையாட்டு, கலைத் திருவிழா எனப் பட்டியல் நீள்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என ஏறிச்செல்லும் இப்போட்டிகளில் ஒவ்வொரு படியிலும் ஒரு சிலர் மேலே செல்கின்றனர். ஏனையோர் அங்கேயே நின்றுவிடுகின்றனர். மேலே சென்றவரைப் பற்றி நாளிதழ்கள் எழுதுகின்றன. பள்ளியின் நுழைவாயிலில் அவருடைய படம் தாங்கிய பதாகை கட்டப்படுகிறது. பாதியில் நின்றவருக்கு அப்போட்டி என்ன தந்தது என்று பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. ஆயினும், ஒரு போட்டி நன்முறையில் நடந்ததா என்பதை அறிய அந்தக் கேள்வியே சரியான அளவுகோலாகும்.

வரிசை அறிதல்

பரிசு வழங்குவதைப் பற்றித் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்பே ஆழ்ந்து சிந்தித்துள்ளனர். புறநானூற்றில் ‘பரிசில்’ என்பது வெறும் பொருளைக் குறிக்கும் சொல்லாக நிற்கவில்லை. கொடுப்பவரின் அறிவையும் பெறுபவரின் தகுதியையும் இணைக்கும் சொல்லாக விளங்குகிறது. மலையமான் திருமுடிக்காரியைப் பாடிய கபிலர், பொருளை ஈவது எளிது என்றும், வருபவர் ஒவ்வொருவரின் தகுதியையும் உணர்வதே அரிது என்றும் கூறுகிறார். புலவர் எல்லாரையும் ஒரே தன்மையராகப் பார்க்கும் பார்வையை விட்டுவிடுமாறும் அம்மன்னனுக்கு அறிவுறுத்துகிறார்.

பெருஞ்சித்திரனார் இதனினும் ஒருபடி மேலே செல்கிறார். பரிசில் நாடி அதியமான் நெடுமான் அஞ்சியிடம் சென்ற அப்புலவருக்கு, மன்னன் நேரில் காணாமலேயே பொருளை அனுப்பிவைத்தான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். தம்மைக் காணாமல் தரும் பொருளைப் பெற்றுச் செல்லத் தாம் ஒரு வணிகர் அல்லர் என்றார். மிகச் சிறிய பரிசாயினும் தம் தகுதியை அறிந்து தருவதே இனியது என்றும் உரைத்தார். வறுமையில் வாடியவர் அவர். பொருளின் தேவையை நன்கு உணர்ந்தவர். இருந்தும், தம் புலமையை நின்று நோக்காத கொடையை அவரால் பரிசாகக் கருத இயலவில்லை.

இவ்விரு புலவரின் சொல்லும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. பரிசின் மதிப்பு, கோப்பையின் உயரத்திலோ தொகையின் அளவிலோ இல்லை. தகுதியுள்ள ஒருவர், மற்றொருவரின் உழைப்பை நின்று, நிதானித்து, அறிந்து பார்த்தார் என்பதிலேயே அது அடங்கியுள்ளது. அந்தப் பார்வை இல்லாதபோது விருது வெறும் பொருளாகச் சுருங்குகிறது. அந்தப் பார்வை கிடைத்துவிட்டால், விருது கிடைக்காத மாணவருங்கூட வெறுங்கையோடு திரும்புவதில்லை.

விருதுக்காக வரைந்த சிறுவர்கள்

பரிசுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. 1973 ஆம் ஆண்டு மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் என்னும் உளவியலறிஞர் மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக வளாகத்திலிருந்த மழலையர் பள்ளியில் அது நிகழ்த்தப்பட்டது. படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுடைய சிறுவர்கள் மூன்று பிரிவினராகப் பிரிக்கப்பட்டனர். படம் வரைந்தால் பொன்னிற விண்மீனும் நாடாவும் பதித்த சான்றிதழ் ஒன்று கிடைக்கும் என்று முதற்பிரிவினரிடம் முன்கூட்டியே கூறப்பட்டது. இரண்டாம் பிரிவினருக்கு எதுவும் கூறாமல், வரைந்து முடித்த பின்னர் அதே சான்றிதழ் வழங்கப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்குச் சான்றிதழ் இல்லை.

சில நாள்கள் கழித்து, அச்சிறுவர்கள் தம் விருப்பப்படி விளையாடும் நேரத்தில் வண்ணப் பேனாக்கள் மீண்டும் வைக்கப்பட்டன. சான்றிதழை எதிர்பார்த்து வரைந்த பிரிவினர், மற்ற இரு பிரிவினரும் வரைவதில் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறையப் பாதியையே செலவிட்டனர். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் இத்தகைய குறைவு தோன்றவில்லை. இதற்கு முன்பு மகிழ்ச்சிக்காகச் செய்த செயல், கூலிக்குரிய வேலையாக மாறியதே இதற்குக் காரணம் என ஆய்வாளர்கள் விளக்கினர்.

பரிசே கூடாது என்பது இவ்வாய்வின் முடிவு அன்று. சான்றிதழும் அதன் தோற்றமும் முதலிரு பிரிவினருக்கும் ஒன்றே. அது வந்து சேர்ந்த முறைதான் வேறுபட்டது. செயலுக்குமுன் தூண்டிலாகத் தொங்கவிடப்பட்ட பரிசு, செயலிலிருந்த விருப்பத்தைக் குறைத்தது. செயலுக்குப்பின் பாராட்டாக வந்த பரிசு அவ்விருப்பத்திற்கு ஊறு செய்யவில்லை. “மாநில அளவில் வென்றால் என்ன கிடைக்கும்?” என்னும் கேள்வியோடு தொடங்கும் பயிற்சியில், கவிதையும் நடனமும் கணிதமும் தம் சுவையை இழப்பதற்கு இடமுண்டு.

பட்டங்களை நீக்கிய மாநிலம்

போட்டியின் நன்மை தீமை இரண்டையும் நெடுங்காலம் கண்ட அனுபவம் அண்டை மாநிலமான கேரளத்திற்கு உண்டு. 1957 ஆம் ஆண்டு எர்ணாகுளத்தில், ஏறத்தாழ 200 மாணவர்களுடன் தொடங்கிய அதன் பள்ளிக் கலைவிழா, இன்று பல்லாயிரம் மாணவர் பங்கேற்கும் பெருவிழாவாக வளர்ந்துள்ளது. பள்ளி மேடையில் கண்டறியப்பட்டுப் பின்னாளில் பெரும் பாடகராகவும் நடனக் கலைஞராகவும் திரைக்கலைஞராகவும் உயர்ந்தோர் பலர். மிகுந்த புள்ளிகள் பெறும் மாவட்டத்திற்கு 117½ பவுன் எடையுள்ள பொற்கோப்பை வழங்கப்படுகிறது.

1986 ஆம் ஆண்டு முதல் அவ்விழாவில் தனிநபர் பட்டங்களும் வழங்கப்பட்டன. மிகுந்த புள்ளிகள் பெற்ற மாணவிக்குக் ‘கலாதிலகம்’ என்றும் மாணவருக்குக் ‘கலாபிரதிபா’ என்றும் பட்டம் சூட்டப்பட்டது. பட்டத்திற்கு ஒளி கூடக்கூட, அதனைச் சுற்றி நிழலும் நீண்டது. புள்ளிகளைச் சேர்ப்பதற்காக ஒரே மாணவர் பல கலைகளில் போட்டியிடுவதும், உடைக்கும் ஒப்பனைக்கும் தனிப்பயிற்சிக்கும் பெற்றோர் பெரும்பொருள் செலவிடுவதும், நடுவரின் தீர்ப்பை எதிர்த்து முறையீடுகள் குவிவதும் வழக்கமாயின. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள், திறமையிருந்தும் பின்தள்ளப்படும் நிலை உருவாயிற்று. இறுதியில் 2006 ஆம் ஆண்டு முதல் அப்பட்டங்கள் கைவிடப்பட்டன. மாணவர்களுக்குத் தரநிலை வழங்கும் முறை இடம்பெற்றது. வரையறுத்த தகுதியை எட்டுவோர் அனைவரும் உயர்ந்த தரநிலையைப் பெறலாம் என்பதால், ஒருவரின் வெற்றி மற்றவரின் தோல்வியாக வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. முறையீடுகள் முற்றிலும் நின்றுவிடவில்லை. எனினும், ஒரு தலைமுறையின் அனுபவத்திற்குப்பின் எடுக்கப்பட்ட அம்முடிவு சிந்திக்கத்தக்கது.

தமிழ்நாட்டில் 2022-23 ஆம் கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழா, அரசுப்பள்ளி மாணவர்களுக்கு இதுவரை எட்டாதிருந்த மேடையைத் திறந்துவிட்டது. நாட்டுப்புறக் கலைகள் பள்ளிக்குள் மதிப்போடு நுழைந்தன. இதன் பயன் பெரிது. ‘கலையரசன்’, ‘கலையரசி’ என்னும் பட்டங்களும் இவ்விழாவில் வழங்கப்படுகின்றன. பட்டங்கள் மாணவரை ஊக்குவிக்கும். அதே பட்டங்கள் நாளடைவில் விழாவின் நோக்கத்தையே விழுங்கிவிடவும் கூடும். அண்டை மாநிலம் இருபது ஆண்டுகளில் கற்ற பாடத்தை, இங்கு விழா இளமையாக இருக்கும்போதே எண்ணிப் பார்ப்பது நலம் பயக்கும்.

தெரியுமா?

பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடு 1959 ஆம் ஆண்டு ருமேனியாவில் 7 நாடுகளுடன் தொடங்கியது. இந்தியா 1989 ஆம் ஆண்டு முதல் பங்கேற்கிறது. இப்போட்டியில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குப் பதக்கம் கிடைக்கிறது. தங்கம், வெள்ளி, வெண்கலம் ஆகியவை 1:2:3 என்னும் விகிதத்தை ஒட்டி வழங்கப்படுகின்றன. பதக்கம் பெறாதவர், ஒரேயொரு கணக்கிற்கேனும் முழுமையான விடை எழுதியிருந்தால் அவருக்குச் சிறப்புப் பாராட்டு உண்டு. மாணவர்கள் தாம் விரும்பும் மொழியில் விடையளிக்கலாம்.

விடைகளைப் படித்த இதழ்

போட்டி எவ்வாறு பார்வையாக மாறலாம் என்பதற்கு ஹங்கேரி நாட்டின் வரலாறு நல்ல சான்றாகும். 1894 ஆம் ஆண்டு டானியேல் அரானி என்னும் பள்ளி ஆசிரியர் மாணவர்களுக்கான கணித இதழ் ஒன்றைத் தொடங்கினார். ஒவ்வோர் இதழிலும் கணக்குகள் வெளியிடப்பட்டன. நாட்டின் எந்த ஊரிலிருந்தும் மாணவர்கள் விடைகளை அனுப்பலாம். வந்த விடைகள் படிக்கப்பட்டன; சிறந்த தீர்வுகள், எழுதிய மாணவரின் பெயரோடு அச்சாயின. தொடர்ந்து நன்றாக எழுதியவர்களின் படங்களும் வெளிவந்தன. அவ்விதழ் இன்றும் வெளிவருகிறது. அதே 1894 இல், பள்ளிப்படிப்பை முடித்தவர்களுக்கான கணிதப் போட்டியும் அங்கே தொடங்கப்பட்டது. வானூர்தி அறிவியலில் புகழ்பெற்ற தியோடர் வான் கார்மன், இயற்பியலறிஞர் எட்வர்டு டெல்லர் ஆகியோர் தம் இளமையில் அப்போட்டியில் வென்றவர்கள்.

ஒருநாள் போட்டியைவிட அவ்விதழ் செய்த பணி பெரிது. போட்டியில் ஓரிருவர்தாம் வெல்ல இயலும். இதழுக்கோ மாதந்தோறும் பலர் எழுதினர். சிற்றூரில் தனித்துக் கணக்கைச் சிந்தித்த சிறுவனுக்கு, தன் விடையை யாரோ ஒருவர் படிப்பார் என்னும் உறுதி இருந்தது. தவறிய மாதத்திற்குப்பின் அடுத்த மாதமும் இருந்தது.

அவ்விதழின் ஆசிரியராகப் பின்னர்ப் பொறுப்பேற்றவர் லாஸ்லோ ராட்ஸ். புடாபெஸ்ட் நகரப் பள்ளி ஒன்றில் கணிதம் கற்பித்த அவரிடம் ஜான் வான் நியூமனும் யூஜின் விக்னரும் பயின்றனர். சிறுவன் நியூமனின் ஆற்றலைக் கண்டுணர்ந்த ராட்ஸ், அவனுடைய தந்தையிடம் பேசி, பல்கலைக்கழக அறிஞரிடம் தனியே கற்க வழிசெய்தார். தம்மால் கற்பிக்க இயன்றதன் எல்லையை அறிந்து, மாணவனை அதற்கப்பால் அனுப்பிவைத்த பெருந்தன்மை அது. 1963 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற விக்னர், முதுமையிலும் தம் பள்ளி ஆசிரியரை நன்றியோடு நினைவுகூர்ந்தார். ஓர் ஆசிரியருக்கு இதனினும் உயர்ந்த விருது வேறில்லை.

ஊரை ஆராயும் சிறுவர்

இத்தகைய முயற்சி இந்தியாவிலும் உண்டு. 1993 ஆம் ஆண்டு முதல் நாடு தழுவி நடைபெற்றுவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு அவற்றுள் ஒன்று. 10 முதல் 17 வயது வரையிலான சிறுவர்கள், வழிகாட்டி ஆசிரியர் ஒருவரின் துணையோடு சிறு குழுவாக இயங்குகின்றனர். தம் ஊரிலுள்ள சிக்கல் ஒன்றைத் தேர்ந்து, தகவல் திரட்டி, அளந்து, பதிந்து, ஆய்வறிக்கை எழுதுகின்றனர். ஏரியின் நீர், தெருவின் குப்பை, வயலின் பூச்சி என எதுவும் ஆய்வுப்பொருளாகலாம். அறிக்கையைத் தாய்மொழியிலேயே எழுதலாம். தமிழ்நாட்டில் இம்மாநாட்டை ஒருங்கிணைப்பதில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நெடுங்காலம் பங்காற்றியுள்ளது.

இங்கு நடுவர்கள் அறிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. அன்றாடப் பணிகளைப் பதிந்த குறிப்பேட்டையும் பார்க்கின்றனர். சிறுவர்களிடம் நேரில் வினவுகின்றனர். “இந்த எண் எப்படிக் கிடைத்தது?” என்று நடுவர் கேட்கும்போது, தானே அளந்த சிறுமியால் விடை கூற இயலும், பெரியவர் எழுதித் தந்ததை மனப்பாடம் செய்தவரால் இயலாது. இதனால் உழைப்பு உழைத்தவரிடம் தங்குகிறது. மாநில அளவிற்குத் தேர்வாகாத குழுவும், தன் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை அறிந்த குழுவாகவே வீடு திரும்புகிறது.

ஆசிரியருக்கு விருது

திருத்தணியில் பிறந்த டாக்டர் இராதாகிருஷ்ணனின் பிறந்தநாளான செப்டம்பர் 5, அவர் குடியரசுத் தலைவரான 1962 ஆம் ஆண்டு முதல் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதற்கு முன்பே, 1958 ஆம் ஆண்டில், ஆசிரியர்களுக்கான தேசிய விருது ஏற்படுத்தப்பட்டது. தமிழ்நாடு அரசு வழங்கும் நல்லாசிரியர் விருதும் இராதாகிருஷ்ணனின் பெயரைத் தாங்கியுள்ளது.

தேசிய விருதுக்கு ஆசிரியர்கள் தாமே இணையவழியில் விண்ணப்பிக்கும் முறை 2018 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பரிந்துரைப்பவரின் தயவை நாட வேண்டிய நிலையை இது மாற்றியது. எனினும், இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. தம் பணியைத் தாமே எடுத்துரைக்கவும், புகைப்படங்களையும் சான்றுகளையும் அடுக்கிக் காட்டவும் வல்லவருக்கே இம்முறை எளிது. எழுத்துக்கூட்டத் தடுமாறிய குழந்தையை ஓராண்டுக்காலம் அருகிலிருத்திப் படிக்கவைத்த ஆசிரியரிடம் அதற்குப் புகைப்படச் சான்று இராது. பள்ளியைவிட்டு நிற்க இருந்த மாணவியின் வீட்டிற்குப் பலமுறை நடந்தவரிடமும் பற்றுச்சீட்டு இராது.

மாணவர் வென்ற பதக்கங்களைக் கொண்டு ஆசிரியரை மதிப்பிடுவது மேலும் ஓர் இடரை வளர்க்கும். பதக்கம் வேண்டும் ஆசிரியர், ஏற்கெனவே நன்றாகப் பேசும் மாணவரையே ஒவ்வோராண்டும் மேடைக்கு அனுப்ப நேரிடும். மேடையை அஞ்சும் மாணவருக்கு வாய்ப்பளிப்பது இழப்பாகத் தோன்றும். அறிவியல் கண்காட்சிக்குரிய மாதிரியை மாணவர் தட்டுத் தடுமாறிச் செய்வதற்குள் தாமே செய்துமுடிக்கும் எண்ணமும் எழும். அங்கே மாணவர், ஆசிரியரின் வெற்றிக்கு ஒரு கருவியாகிவிடுகிறார். ஆகவே, விருதுக்குழு விண்ணப்பத்தைப் படிப்பதோடு நில்லாது வகுப்பறைக்குச் சென்று பார்க்க வேண்டும்; அவரிடம் பயின்று சென்ற பழைய மாணவரிடம் கேட்க வேண்டும். பெருஞ்சித்திரனார் அதியமானிடம் எதிர்பார்த்ததும் அதுவே.

மறுப்பும் விடையும்

“வாழ்க்கையே போட்டி, பள்ளியில் மட்டும் அதனை ஏன் தளர்த்த வேண்டும்?” என்று வினவுவோர் உண்டு. அவ்வினாவில் உண்மையும் உண்டு. குறித்த நாளில் முடிக்க வேண்டும் என்னும் நெருக்கடி பயிற்சிக்கு ஒழுங்கைத் தருகிறது. தம்மினும் வல்லவரைக் காணும்போது தம் குறை புலப்படுகிறது. சிற்றூர் மாணவர் பலருக்கு மாவட்டப் போட்டியே தம் ஊரைக் கடந்து செல்லும் முதற்பயணமாகவும் அமைகிறது. இந்நன்மைகளைக் கருதினால், போட்டிகளை ஒழிப்பது தீர்வாகாது.

வேறு சிலர், வென்றவர் தோற்றவர் என்னும் வேறுபாடே வேண்டாம்; அனைவருக்கும் சான்றிதழ் வழங்கிவிடலாம் என்பர். கபிலர் இதனை ஏற்கமாட்டார். பெயரை மட்டும் மாற்றி, ஒரே வாக்கியத்தை அச்சிட்டு வழங்கும் பங்கேற்புச் சான்றிதழும் காணாமல் அனுப்பிய பரிசே. நன்றாகப் பாடிய மாணவிக்கும் சுருதி தவறிய மாணவிக்கும் ஒரே சொல்லைக் கூறுவது, இருவரின் பாடலையும் கேளாமைக்கு ஒப்பாகும். முன்னவருக்கு அவருடைய சிறப்பு எதுவெனத் தெரிய வேண்டும். பின்னவருக்கு அவர் எங்கே தவறினார், எதனைத் திருத்தலாம் எனத் தெரிய வேண்டும்.

இதனைச் செய்வதற்குப் பெருஞ்செலவு ஆகாது. ஒரு வட்டாரப் பேச்சுப்போட்டியில் 40 மாணவர் பேசுகின்றனர் எனக் கொள்வோம். நடுவர் மூவர். ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு வரிகளில் கருத்தெழுத 2 நிமிடம் எனில், மொத்தம் 80 நிமிடம். மூவரும் பகிர்ந்துகொண்டால் அரைமணி நேரத்திற்கும் குறைவு. பரிசளிப்பு விழாவின் வரவேற்புரைகளைச் சற்றே சுருக்கினால் அந்த நேரம் கிடைத்துவிடும். “தொடக்கம் தெளிவாக இருந்தது, எடுத்துக்காட்டுகள் மூன்றும் ஒரே கருத்தைச் சொல்லின, அடுத்தமுறை ஒன்றைக் குறைத்து விளக்கத்தைக் கூட்டுக” என்னும் குறிப்போடு வீடு திரும்பும் மாணவருக்கு அடுத்த நாள் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது. வெறும் ‘பங்கேற்றார்’ என்னும் தாளோடு திரும்புபவருக்கு அது இல்லை.

இவற்றோடு வேறு சில மாற்றங்களையும் பள்ளிகள் மேற்கொள்ளலாம். ஒரே மாணவர் ஓராண்டில் பங்கேற்கும் போட்டிகளின் எண்ணிக்கையை வரையறுக்கலாம். குறித்த தகுதியை எட்டும் அனைவரையும் பாராட்டும் தரநிலை முறையைப் பின்பற்றலாம். நடுவர் தம் தீர்ப்புக்குரிய காரணத்தை அவையில் விளக்கலாம். மேடையேறும் மாணவரின் பெயரோடு அவருக்குக் கற்பித்த ஆசிரியரின் பெயரையும் அறிவிக்கலாம். அவர் அப்பள்ளியிலிருந்து மாறுதலாகிச் சென்றவராயினும் அறிவிக்கலாம்.

மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. பள்ளி மன்றங்களிலும் இலக்கிய விழாக்களிலும் இளைய வகுப்பினரின் போட்டிகளுக்கு அவர்களே பலமுறை நடுவராக அமர்கின்றனர். ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் நடுங்கும் குரலில் பேசி முடித்துக் கீழிறங்கும்போது, மதிப்பெண் தாளில் ஓர் எண்ணை மட்டும் எழுதிவிட்டு அடுத்த பெயரை அழைப்பது எளிது. அவன் சொன்னவற்றுள் எந்தக் கருத்து நன்றாக இருந்தது என்பதை அவனிடமே கூறிவிட்டு, அடுத்த பெயரை அழைக்கலாம். பரிசு பெறாவிடினும் அச்சிறுவன் அடுத்த ஆண்டு மீண்டும் பெயர் கொடுப்பான்.